ஆவணிக் கடைசி ஞாயிற்றுக் கட்டைவிரல் பரணி

வாழ்க, சுட்டெலி ஏந்திய செங்கரத்தாள்! வாழ்க, கீழ்த்திசை நாடுகளிலும் மேல்திசை நாடுகளிலும் பரந்து கிடக்கும் முந்நூறு சர்வர்களைத் தன் மடிக்கணினியின் ஒற்றைச் சாளரத்திலிருந்தே மேய்த்து, ஒன்று இருமினால் மருந்தும் ஒன்று தும்மினால் வசவும் கொடுத்து வளர்க்கின்ற தரவுத்தளத் தண்டநாயகி! கரூரில் பிறந்து, கோவையில் படித்து, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் மேம்பாலத் தூசி மழையாய்ப் பொழியும் சந்திரம்மா லேடீஸ் பி.ஜி. விடுதியின் இரண்டாம் மாடியில், மூவர் பங்கிடும் அறையின் சன்னலோரக் கட்டிலை அரசாண்ட தர்ஷினி வாழ்க! அவள் பசியும் வாழ்க! ஏனென்றால் சொல்லப்போகும் இந்தப் போர் மண்ணுக்கும் பொன்னுக்கும் மூண்டதில்லை. ஒரு தட்டுக் கோழிப் பிரியாணிக்கு மூண்டது. அதற்குக்கூட மூளாவிட்டால் போர் என்று ஒன்று உலகத்தில் எதற்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

எடுத்த காரியத்துக்குக் காப்பாக முதலில் ஒரு கும்பிடு. புதுக் கணினியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு ஸ்டிக்கராய் ஒட்டிக்கிடக்கும் பிள்ளையாரே, 'ஏதோ பிழை நேர்ந்தது' என்று மட்டும் சொல்லி, என்ன பிழை என்று சொல்லாமல் மறைகின்ற செய்திப்பெட்டிகளுக்கெல்லாம் பெரியவரே, இந்தக் கதை முடிகிற வரையிலாவது கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளும்.

இனிக் கோட்டையின் பெருமை. ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்தில் பிறந்து, ரயிலின் கூவலையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்து, அதனாலேயே தன் குரலையும் ரயிலுக்கு ஈடாக ஏற்றி வைத்துக்கொண்ட சந்திரம்மா, மூன்று மாடியும் இரண்டு வாஷிங் மெஷினும் ஒரு சோம்பேறி நாயும் அடங்கிய அந்தக் கோட்டையைச் செங்கோல் கோணாமல் ஆண்டுவந்தார். செங்கோல் என்றது அவர் கையிலிருந்த நீளக் கரண்டியை. வாரத்தில் ஆறு நாள் அந்தக் கரண்டியிலிருந்து விழுவது சாம்பாரா ரசமா என்று ஆராய்ச்சி செய்யவேண்டியிருக்கும். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சீரகச் சம்பா ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர, புதினா ஒரு பக்கம் மணக்க, பட்டையும் கிராம்பும் மறு பக்கம் எதிர்வாதம் செய்ய, பொன்மேனிக் கோழித்துண்டங்கள் சோற்றுமெத்தையில் துயில்கொள்ள, அதே கரண்டியிலிருந்து அமுதம் விழும். ஆறு நாள் பாவத்தை ஒரு நாளில் கழுவிவிடுகிற வித்தை அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அமுதம் என்றால் அடிதடியும் உண்டு. எத்தனை பேருக்குக் கோழி என்ற கணக்கு கோட்டையில் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. வாசலறைச் சுவரில் பதித்த விரல்ரேகைக் கருவியில், வேண்டியவர்கள் கட்டைவிரல் வைக்கவேண்டும். ஒரு முறை வைத்தால் 'வேண்டும்'. விரதம் நினைவுக்கு வந்தோ, வயிறு கலங்கியோ, காதலன் வெளியே கூப்பிட்டோ மனம் மாறினால் இன்னொரு முறை வைக்கவேண்டும். அப்போது 'வேண்டாம்' ஆகிவிடும். மைசூர்க்காரி சிந்து ஒரே காலையில் மூன்று தடவை மனம் மாறி மூன்று தடவை விரல் வைத்த வரலாறும் உண்டு.

கருவி கோட்டையின் சட்டமாக ஆனதற்குக் காரணமே நம் தண்டநாயகிதான். முன்பொரு ஞாயிற்றில், குடியாத்தத்துச் சிங்கம், கால்சென்டரில் வாடிக்கையாளர்களைக் கண்ணீர் விடவைக்கும் கனல்நாவினள் ரூபினி, விரல் வைக்க மறந்துவிட்டு, மறந்ததையும் மறந்து, தட்டோடு வந்து நின்று ஒரு லெக் பீஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கடைசியில் வந்த தர்ஷினிக்குக் கிடைத்தது வெறும் சோறும் ஓர் ஏலக்காயும். அந்த ஏலக்காயைக் கையில் உயர்த்திப் பிடித்து, சாப்பாட்டுக் கூடம் நடுங்க, அவள் அன்று செய்த பிரகடனம் இது:

"ஆண்ட்டி, யாரு வாயால சொன்னாலும் நம்பாதீங்க. மிஷின்ல இல்லன்னா தட்டுலயும் இல்ல. அவ்வளவுதான்."

"கரெக்ட்டு கண்ணு, படிச்ச பொண்ணு சொல்றது" என்று சந்திரம்மா கரண்டியால் பாத்திரத்தில் தட்டி ஒப்புக்கொண்டார். சட்டம் அமலானது. ரூபினி மட்டும் எலும்பைக் கடித்தாள். அவள் கடித்த விதத்தை யாராவது கவனித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கருவியோடு பேசிவந்த பழைய கணினி, ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பெருமூச்சு ஒன்று விட்டு, நீலத்திரை போர்த்திக்கொண்டு, மறுபடி எழாமல் கிடந்தது. "இந்தக் கிழட்டுப் பொட்டிய வச்சு என்ன பண்றது ஆண்ட்டி? எடுத்துப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. உள்ள இருக்கறத நான் மாத்தித் தர்றேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் தர்ஷினி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஐந்து நிமிட வேலை என்று சொல்லப்பட்ட வேலைகளையெல்லாம் அடுக்கினால் மேம்பாலத்தைவிட நீளும், அது போகட்டும். பழைய பெட்டியின் வயிற்றைத் திறந்து ஹார்ட் டிஸ்கை உருவி, அதிலிருந்த கோப்புகளைத் தன் மடிக்கணினி வழியே பென் டிரைவில் அவள் ஏற்றிக்கொள்ள, உடலைப் பழைய சாமான் வாங்கும் குஜிரிக்காரரின் தள்ளுவண்டியில் ஏற்றி வழியனுப்பினார்கள். நடுகல் நடவில்லை. கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டிலிருந்து புதுக் கணினி கரும்பளிங்கு போல் மின்னிக்கொண்டு அதே மாலையில் வந்து சேர்ந்து, பூசையும் வாங்கிக்கொண்டது.

மறுநாள் விடிந்தது. அது ஆவணியின் கடைசி ஞாயிறு. திங்களன்று புரட்டாசி பிறக்கிறது. பிறந்துவிட்டால் மாதம் முழுவதும் சந்திரம்மாவின் அடுப்பில் முட்டைகூட ஏறாது. அந்த ஞாயிற்றைத் தவறவிட்டவள் ஐப்பசி வரை கத்தரிக்காயின் முகத்தில் விழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே விடியற்காலையிலேயே மங்கையர் படை, நைட்டி எனும் கவசமும் பல்துலக்கி எனும் வாளும் தாங்கி, கட்டைவிரல்களை முன்னே நீட்டிக்கொண்டு வாசலறையில் அணிவகுத்தது.

விரல் கணக்கைக் காட்டும் பழைய நிரலைப் புதுக் கணினியில் ஏற்றியிருந்த தர்ஷினி, அதைத் திறந்தாள். திரையின் நடுவே சின்னஞ்சிறு பெட்டி ஒன்று, ஊரை எரிக்க வந்த தூதன்போல் வந்து நின்று, 'இந்தக் கணினியில் அப்படி யாரும் பதிவாகவில்லை' என்று ஆங்கிலத்தில் சொல்லியது. சரி என்று அழுத்தினால் சரியென்று போய்விட்டு, மறுபடி திறந்தால் மறுபடி வந்தது.

"என்னவாம்?" என்றாள் ரூபினி.

"ஒண்ணுமில்ல. டிரைவர் இல்லையாம்."

"அஞ்சு நிமிஷம்னு சொன்னியே, தாயி."

டிரைவர் யாரென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. விரல்களும் பெயர்களும் தூங்குகிற பழைய தரவுத்தளக் கோப்பு பேசுவது ஒரு பாஷை. அதைத் திறந்து வாசிக்கிற நிரல் பேசுவது வேறு பாஷை. நடுவில் நின்று இருவருக்கும் பேசிக்கொடுக்கிற துபாஷிக்குத்தான் கணினிக்காரர்கள் டிரைவர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பழைய பெட்டியில் ஒரு துபாஷி இருந்தான்; பெட்டியோடு தள்ளுவண்டியில் அவனும் போய்விட்டான். நிரலை எழுதியவர் சந்திரம்மாவின் மருமகன். கணினியைத் துறந்து இப்போது ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கிறார். போனில் பிடித்துக் கேட்டதற்கு, "அத்த, அது போன ஜென்மத்துக் கதை. பூவுக்கு மருந்தடிச்சிட்டு இருக்கேன், வைக்கட்டுமா?" என்றார். வைத்துவிட்டார்.

அப்போது சமையற்கட்டிலிருந்து, நீளக் கரண்டியை நிலத்தில் ஊன்றி, மூவுலகும் அதிர, கோட்டைத் தலைவி வெளிப்பட்டு, இரண்டாம் மாடி நாயும் எழுந்து உட்காரும்படி முழங்கினார்:

"இன்னாமா இது, காலங்காத்தால கூட்டம்? பாரு தர்ஷினி, பத்துக்கு மஞ்சுநாத் கெளம்பணும். நாளைக்குப் புரட்டாசி, பாயி கறிக்கடையில லைன் ரோடு வரிக்கும் நிக்குது. எத்தினி பேருன்னு மிஷின் சொன்னா கோழி. சொல்லலன்னா எல்லாத்துக்கும் புளிசாதம். கைய தூக்கு, பேர் எழுதுன்னு மறுபடி ஆரம்பிச்சா எனக்கு அந்தச் சண்ட பேடமா, சாக்கு, போதும்!"

சமையற்காரர் மஞ்சுநாத், கையில் காலிப் பையும் தலையில் ஹெல்மெட்டுமாக, அந்தத் தீர்ப்புக்குச் சாட்சியாய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

வெளியே வாங்கித் தின்றால் போயிற்று, இதற்கென்ன இத்தனை முழக்கம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். கடைப் பிரியாணி விரலைத் தட்டினால் வாசலுக்கு வரும். ஆனால் பழைய பெட்டியை எடுத்துப் போடச் சொன்னவள் யார் என்று மாடி மாடியாகப் பேச்சு கிளம்பியிருந்தது. முந்நூறு சர்வர் மேய்ப்பவள், ஒரு கோழிக் கணக்கைத் திறக்கத் தெரியாமல் ஒரு கோட்டைக்கே புளிசாதம் போட்டாள் என்ற பெயர் வந்துவிட்டால், ஐப்பசி அல்ல, அடுத்த ஆவணி வந்தாலும் போகாது. அந்த மானத்தை எந்த ஆப்பில் ஆர்டர் செய்வது?

போருக்குப் புறப்படுகிறவர் தும்பைப்பூ சூடவேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியில் தும்பை கிடைக்காததால், தர்ஷினி கூந்தலை அள்ளிச் சுருட்டி மஞ்சள் கிளட்ச் கிளிப் ஒன்றைச் சூடினாள். சக்கர நாற்காலியில் ஏறினாள். தேர் கிறீச்சிட்டது.

முதல் நாள் போர் என்று சொல்ல ஆசைதான். நடந்தது கால் மணி. புதுக் கணினிக்குப் புது டிரைவர் என்று எண்ணி, புத்தம்புதிய, அறுபத்துநான்கு பிட்டு வம்சத்துத் துபாஷி ஒருவனை இணையத்திலிருந்து அழைத்துவந்து அமர்த்தினாள். பச்சைக் கோடு பாம்புபோல் நெளிந்து முனை தொட்டது. 'நிறைவுற்றது' என்று கட்டியம் கூறியது. நிரலைத் திறந்தாள். 'இந்தக் கணினியில் அப்படி யாரும் பதிவாகவில்லை.' இப்போதுதானே உள்ளே வந்தான், மாலைகூட வாடவில்லை, அவனையா யாருமில்லை என்கிறாய் பாதகனே என்று அவள் உள்ளம் கொதித்தது. வாயில் வந்தது, "சே" என்ற ஓரெழுத்துதான்.

பிறகுதான் புரிந்தது. மருமகன் அந்நாளில் எழுதிய நிரல் முப்பத்திரண்டு பிட்டு வம்சம். அது தன் வம்சத்துத் துபாஷியோடு மட்டும் பேசும். பெரிய வீட்டுக்காரன் வந்து நின்றால் ஏறெடுத்தும் பாராது. அறுபத்துநான்கு கலையும் கற்றவனைக் கூட்டிவந்து நிறுத்தி என்ன பயன்? பிரியாணிக்கு வேண்டியது முப்பத்திரண்டு பல்.

ஆகவே இரண்டாம் போர். பழைய, முப்பத்திரண்டு பிட்டு வம்சத்துத் துபாஷியைத் தேடிப் பிடித்து, வாசலுக்கு அழைத்துவந்து, "இவரை உள்ளே விடுக" என்று இரட்டைச் சொடுக்குச் சொடுக்கினாள். கணினி குறுக்கே ஈட்டியை நீட்டியது. 'இங்கே ஏற்கெனவே அறுபத்துநான்கு பிட்டு ஆபீஸ் மென்பொருள் குடியிருக்கிறது. முப்பத்திரண்டுக்கு அனுமதி இல்லை. வேண்டுமானால் இருக்கிறவரை வெளியேற்றிவிட்டு வா.' அவ்வளவு பணிவாக, அவ்வளவு இரக்கமில்லாமல் சொல்லியது.

"ஆண்ட்டி, இதுல இருக்கற ஆபீஸ எடுத்துடட்டுமா?"

"எஸ்.பி. ரோட்டுக்காரன் அத மட்டும் தொடாதீங்கம்மா, போனா திரும்ப வராதுன்னு சொல்லித்தான் குடுத்தான். தொட்டியோ, நீயும் போனா திரும்ப வரமாட்ட."

மறுபடி சொடுக்கினாள், மறுபடி மறுத்தது. அணைத்துப் போட்டுச் சொடுக்கினாள், மறுத்தது. நிர்வாகி என்ற பட்டத்தைச் சூட்டி, கொடியும் குடையும் பிடித்து அழைத்துவந்தாள். 'வணக்கம் நிர்வாகி, அனுமதி இல்லை' என்பதுபோல் அதே பெட்டி வந்தது. யானை மோதி மோதிக் கோட்டைக் கதவில் தந்தம் தேய்வதுபோல் அவள் ஆள்காட்டி விரல் தேய்ந்தது. அணிவகுத்து நின்ற கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்து நைட்டிப் பைகளுக்குள் மறைந்தன.

"புளிசாதத்துக்கு வேர்க்கடலை போடச் சொல்லுங்க ஆண்ட்டி. நம்ம இன்ஜினியர் மேடம் உரிச்சுக் குடுப்பாங்க" என்றாள் ரூபினி.

"கொஞ்சம் வாய மூடறியாடி?"

"எங்க கால்சென்டர்லயும் இப்படித்தான். முதல்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்பாங்க. அப்புறம் வாய மூடுங்கம்பாங்க."

"அக்கா, ஒம்போதே முக்கால்" என்றார் மஞ்சுநாத், யாரையும் பார்க்காமல். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்ததால் அது அசரீரிபோலக் கேட்டது.

தண்டநாயகியின் கண்ணில் நீர் துளிர்த்தது. தூசி என்று சொல்லிக்கொண்டாள். சமையற்கட்டில் புளி கரைகிற வாசனை, தோற்ற நாட்டின் மேல் எழும் புகைபோல, மெல்ல மெல்லப் பரவிவரத் தொடங்கியது. போதும், எழுந்து ஆண்ட்டியிடம் தோற்றேன் என்று சொல்லிவிடலாம் என்று அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

அந்தக் கணத்தில்தான் வாசற்கதவு திறந்தது. இரவுப்பணி முடித்து, கம்பெனி வண்டியில் வந்து இறங்கிய சிந்து, செருப்பு இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி, சுவரோரமாய்ப் பூனைபோல் நுழைந்தாள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கதவு விரியத் திறந்திருக்கிறது. கூடமே கூடி நிற்கிறது. ஆனாலும் பழக்கம் விடுமா? வாசல் பூட்டும் நேரம் கடந்து வருகிறவர்கள் அந்தக் கோட்டையில் நுழைகிற முறை அதுதான். "ஆண்ட்டி, நான் வரலாமா?" என்று வாசலில் நின்று கேட்டவளுக்கு அனுமதி கிடைத்த சரித்திரமே இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்காமல், கேள்வி கேட்கவும் இடங்கொடாமல் போய்விட்டால், விடிந்த பிறகு ஆண்ட்டியே இட்லி வைப்பார்.

"எதுக்குடி பட்டப்பகல்ல செருப்பத் தூக்கிட்டு வர்ற?" என்று யாரோ சிரித்தார்கள்.

தர்ஷினி சிரிக்கவில்லை. மின்னல் வெட்டிய மலைபோல் நின்றாள். நாமும் கதவைத் தட்டித் தட்டி அல்லவா கேட்டுக்கொண்டிருக்கிறோம்! கேட்டால் மறுக்கத்தானே செய்யும்! அலுவலகத்தில், ஆளில்லாத சர்வர்களில் நிரல்களை அமர்த்தும்போது, யாரையும் எதையும் கேட்காமல் சத்தமின்றி நுழையச் சொல்லும் கட்டளை ஒன்றை அவள் தினமும் எழுதுகிறாள். வீட்டுக் கணினி என்றதும் மரியாதையாக வாசல் வழியே வந்துவிட்டாள்.

நாற்காலி முன்னே பாய்ந்தது. கட்டளை தட்டும் கறுப்புச் சாளரம் திறந்தது. துபாஷியின் பெயரைத் தட்டினாள். பக்கத்தில் ஒரு சாய்கோடு இட்டு, 'சத்தம் போடாமல் போ' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லைத் தட்டினாள். செருப்பைக் கையில் கொடுத்து அனுப்பினாள் என்றே சொல்லலாம். பச்சைக் கோடு வரவில்லை. கட்டியம் கூறவில்லை. பெட்டி தோன்றவில்லை. காவல் நின்ற கணினி எதையும் பாராமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. கூடத்தில் எல்லாரும், ஏனென்று தெரியாமலே, மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

நிரலைத் திறந்தாள்.

திறந்தது! கருமேகம் விலகிக் கதிர் வந்ததுபோல, பூட்டிய கருவூலம் தாழ் நீங்கியதுபோல, பெயர்கள் வரிசை வரிசையாய், அறை எண்ணோடும் கட்டில் எண்ணோடும், திரை நிறையப் பூத்துக் குலுங்கின. சுவரிலிருந்த கருவி பச்சைக் கண் விழித்தது. "ஓ" என்று எழுந்த ஆரவாரத்தில் சோம்பேறி நாய் குரைத்தேவிட்டது. சந்திரம்மா கரைத்த புளியைப் பிரிட்ஜில் வைத்தார்.

ஆயினும் தேர்ந்த வீரர் முதல் வெற்றியை நம்புவதில்லை. ஒரு முறை ஓடிய நிரல் தற்செயலாகவும் ஓடியிருக்கலாம். மறுமுறையும் ஓடினால்தான் அது ஓடியதாகும் என்பது அவள் தொழிலின் தலையாய அறம். எனவே கூட்டத்தைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, கிளட்ச் கிளிப் பளபளக்க நடந்து சென்று, தன் கட்டைவிரலை முதல் ஆளாகக் கருவியில் வைத்தாள். கருவி கீச்சென்றது. திரும்பி எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மீண்டும் வைத்தாள். மீண்டும் கீச்சென்றது. "ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணியாச்சு, ஸ்டேபிள். வாங்க எல்லாரும்!" என்று வாகை சூடிய குரலில் அறிவித்து, தோள் தட்டல்களுக்கும் கட்டித் தழுவல்களுக்கும் நடுவே மிதந்து போனாள்.

கட்டைவிரல்கள் பொழிந்தன. கீச்சொலி இடையறாது எழுந்தது. கணக்கைக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டு மஞ்சுநாத், இடிமுழக்கும் ஸ்கூட்டரில், புழுதிப்படலம் எழுப்பிப் பறந்தார். பாயி கடை வரிசையை அவர் வென்ற கதை தனிப் பரணி. அதை அவரே சொல்லட்டும்.

நண்பகல். மணம் முதலில் வந்தது. படிக்கட்டு ஏறி, மாடிதோறும் கதவு தட்டி, தலைமுழுகியவளைத் தலைதுவட்ட விடாமல் இழுத்து வந்தது. பொன்னிறச் சோற்றுமலை ஆவி கக்க, அதனுள்ளே கோழிக்கால்கள் கொடிமரங்களாய் நிற்க, வெங்காயப் பச்சடி வெண்கொற்றக் குடை விரிக்க, சந்திரம்மா கணினியை அருகில் திருப்பி வைத்துக்கொண்டு பேர் பேராய்ப் பார்த்துப் பரிமாறினார். சிந்துகூட இந்த முறை ஒரே தடவை விரல் வைத்து ஒரு துண்டம் வென்றாள். போர் நடத்தியவள் பந்திக்கு முந்துவது அழகல்ல என்று தர்ஷினி கடைசியில், புன்னகையோடு, தட்டை நீட்டினாள்.

சந்திரம்மா திரையைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"கண்ணு, ஒனக்கு வேண்டாம்னு காட்டுதே."

"இல்ல ஆண்ட்டி, முதல் ஆளா நான்தானே வச்சேன்! ரெண்டு தடவ..." தர்ஷினி தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அதான் காட்டுது. ஒண்ணு வேணும், ஒண்ணு வேண்டாம்."

"அது டெஸ்டிங் ஆண்ட்டி!"

"டெஸ்டிங்கோ கிஸ்டிங்கோ, மஞ்சுநாத் எண்ணித்தாம்மா வாங்கியாந்தான். சட்டியில பாரு, அடிப் பத்துன சோறுதான் இருக்கு. நானே புரட்டாசிக்கு முன்னால ஒரு வாய் வைக்கல."

கூடத்தின் நடுவிலே, லெக் பீஸ் ஒன்றை வேலாக உயர்த்திப் பிடித்து, குடியாத்தத்துச் சிங்கம் எழுந்தது. ஏலக்காய் நாளிலிருந்து எலும்போடு எலும்பாய்க் கடித்துச் சேர்த்து வைத்த சொற்களை, ஓரெழுத்து குறையாமல், ஊரறிய முழங்கியது:

"மிஷின்ல இல்லன்னா, தட்டுலயும் இல்ல!"

தர்ஷினி தயிர்சாதம் சாப்பிட்டாள், ஊறுகாய் தீர்ந்துபோயிருந்தது.